இன்னைக்கு எத்தனை கதவு

பூலோகத்தின் பிழைப்பு முழுவதும் சுயம்பு அண்ணாச்சியின் மொட்டைமாடியில், ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி மூன்று சந்து தாண்டினால் வருகிற பேச்சியம்மன் கல்லி என்கிற சந்தில் நூற்று நாற்பது வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுப்பவன் அவன்தான். சயனில் இருக்கும் ஒரு கம்பெனியிடமிருந்து தடித்த வயர் ஒன்றை வாங்கி அந்தப் பெட்டியில் சொருகி, அங்கிருந்து மெல்லிய கறுப்பு வயர்களை வீடு வீடாக இழுத்துவிட்டிருந்தான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் கோடு போட்ட நோட்டு மாதிரி தெரியும்.

அந்தக் கல்லியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றே ஒன்றுதான். அது அண்ணாச்சியுடையது. மற்றவையெல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பவை. மொபைல் சிக்னல் கல்லி முனை வரைக்கும் மரியாதையாக வந்து, அங்கேயே நின்றுவிடும். ஆகவே அண்ணாச்சி மாடி இல்லையென்றால் பெட்டி இல்லை, பெட்டி இல்லையென்றால் பூலோகம் மறுபடியும் யாரோ ஒருவரின் பட்டறையில் தோலுக்குப் பசை தடவப் போக வேண்டும். இது பூலோகத்துக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். அண்ணாச்சி அதை ஒருநாளும் மறக்கமாட்டார் என்பது கல்லிக்கே தெரியும்.

அண்ணாச்சிக்கு இன்னொரு சொத்தும் உண்டு. கல்லி முனையில் இருக்கும் பொதுக் கக்கூஸை, அதாவது பம்பாய் பாஷையில் சண்டாஸை, பராமரிக்கும் காண்ட்ராக்ட். இருபத்து நாலு கதவு என்று வாசலில் போர்டு இருக்கிறது. போர்டைக் குறை சொல்லவே முடியாது. வருஷாவருஷம் பெயின்ட் அடிப்பார். கதவுகள்தான் ஒவ்வொன்றாக 'ரிப்பேர்' என்று பூட்டு வாங்கிக்கொண்டன. பூட்டிய கதவு திறந்ததாகச் சரித்திரம் கிடையாது.

இந்த நிலைமையில்தான் பூலோகத்தின் கொழுந்தியாள், அவன் மனைவி பேராச்சியின் தங்கை இசக்கிசெல்வி, ஒரு பேஜ் ஆரம்பித்தாள். அவளுக்கு ஒரு பை தைக்கிற பட்டறையில் வேலை. ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். இரண்டு நாள் லேட் ஆனால் அரைநாள் போச்சு. சண்டாஸ் லைனில் நின்று நின்றே ஒரு மாசத்தில் நாலு அரைநாளைத் தொலைத்தவள், ஐந்தாவதும் போகிற நாளில் பச்சை பிளாஸ்டிக் தண்ணி மக்கும் கையுமாக நின்றபடியே போனில் ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டாள். பேஜின் பெயர் 'இன்னைக்கு எத்தனை கதவு'. தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு படம், கீழே ஒரு நம்பர். அவ்வளவுதான். திட்டு கிடையாது, பெயர் கிடையாது, அழுகை கிடையாது. 'இன்னைக்கு 11.' 'இன்னைக்கு 10.' தீபாவளியன்று மட்டும் 'இன்னைக்கு 13', பக்கத்தில் ஒரு மத்தாப்பு.

கல்லிக்காரர்கள் படுக்கையில் இருந்தபடியே நம்பரைப் பார்த்து, எழுந்திருக்கலாமா இன்னும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாமா என்று முடிவு செய்தார்கள். நாலு மாசத்தில் மூவாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். கல்லியில் இருப்பதே ஆயிரம் பேர்தான். மீதி இரண்டாயிரம் பேருக்குத் தாராவி சண்டாஸில் என்ன அக்கறை என்று யாருக்கும் புரியவில்லை. பேஜை நடத்துவது யார் என்பது அண்ணாச்சிக்கு மட்டும் பரம ரகசியம். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பச்சை மக் மட்டும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி பூலோகத்தைக் கூப்பிட்டனுப்பினார். டீ வரவில்லை. அதிலேயே பூலோகத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"ஏல பூலோகம், நெட்டு ஒன்னுதுதான?"

"ஆமா அண்ணாச்சி."

"நான் கெட்டுன மாடியில இருந்து போற வயருல என் மானமே போவுதுலே. கல்யாண்ல எஞ் சம்பந்தி போன் போட்டுச் சிரிக்கான். அத மூடு, பந்த் பண்ணு."

பூலோகம் பொறுமையாக விளக்கினான். தான் வெறும் வயர்க்காரன் என்றான். தண்ணீர்ப் பைப் போடுகிறவன் எந்த வீட்டில் என்ன குழம்பு வைக்கிறார்கள் என்று தீர்மானிக்க முடியாது என்றான். அண்ணாச்சி குழம்பை எடுத்துக்கொள்ளவில்லை. டில்லியில் ஒருத்தன் ஒரே கையெழுத்தில் எத்தனை ஆப்பை இழுத்து மூடினான், நாடே பார்த்ததே, ஒரு சின்னப் பேஜை மூட உனக்கு வலிக்கிறதா என்று கேட்டார். நெட் யார் கையில் இருக்கிறதோ பூட்டும் அவன் கையில்தான் இருக்கும் என்பது அவர் கட்சி.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். இல்லன்னா பெட்டியக் கழத்தித் தலையில வச்சிக்கிட்டு எறங்கிரு."

சாயங்காலம் பூலோகம் இசக்கிசெல்வியைத் தேடிக்கொண்டு போனான். தேடவெல்லாம் வேண்டியதில்லை, பக்கத்து வீடுதான். ஆனாலும் கல்லி முனை வரை போய்த் திரும்பி வந்தான். பேராச்சியும் தற்செயலாக அங்கேதான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தற்செயல்கள் அவளுக்குத் தினம் நாலைந்து வாய்க்கும்.

"தாயீ, கொஞ்ச நாளு நிப்பாட்டி வையேன்" என்றான்.

"நான் போட்டதுல எது பொய்யி அத்தான்? சொல்லுங்க, அத இப்பமே எடுத்துருதேன்."

"பொய்யின்னு யாரு சொன்னா?"

"அப்பம் எதுக்கு நிப்பாட்டணும்? யாரு பேரும் போடல. ஒரு வார்த்த ஏசல. வெறும் நம்பரு. அதையும் போடக்கூடாதுன்னா நான் என்னத்தத்தான் பேச?"

பூலோகம் பெட்டியைப் பற்றிச் சொன்னான். நூற்று நாற்பது வயரைப் பற்றியும் சொன்னான். அவள் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் போன் வைத்திருந்த கை தளரவில்லை. அக்காளும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராச்சி பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்ப்பு சொன்னாள்.

"இந்தாருங்க, அவ வாயப் பொத்தணும்னா மொதல்ல பொம்பளைய லைன்ல ஒரு நாளு நீங்க நின்னு பாருங்க. பெறவு பேசுவோம்."

வீட்டிலும் டீ வரவில்லை.

அடுத்து பூலோகம் சயன் கம்பெனியில் இருக்கும் நாகராஜுக்குப் போன் போட்டான். நாகராஜ் கம்ப்யூட்டர் படித்தவன், சிரிப்பதற்கும் படித்திருந்தான். சிரித்து முடித்த பிறகு சொன்னான்: ஒரு பேஜை மட்டும் தனியாகப் பிடுங்க உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. அதற்குச் சர்க்கார் காகிதம் வேண்டும், அதையும் அந்த ஆப்புக்காரனிடம்தான் கொடுக்க வேண்டும். உன் பெட்டியில் செய்யக் கூடியது ஒன்றுதான், அந்த ஆப்பையே மொத்தமாகக் கல்லிக்கு மூடிவிடுவது.

சனிக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டு அசந்திருக்கும் நேரமாகப் பார்த்து, பூலோகம் மொத்தமாக மூடிப் பார்த்தான். யாரும் அசந்திருக்கவில்லை. ஐந்தாவது நிமிஷம் தோல் பை வியாபாரி மன்சூர் அலி கடையை விட்டு இறங்கி வந்தார். அவருடைய ஆர்டரெல்லாம் அதில்தான் வருகிறதாம். பத்தாவது நிமிஷம், மருமகளாகப் போகிறவளின் போட்டோவைப் பாதி பார்த்த நிலையில் ஒரு அம்மாள் அழாத குறையாக வந்தாள். பதினைந்தாவது நிமிஷம் கல்லியில் நடக்க இடமில்லை. எல்லாருக்கும் முன்னால், முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றவள் அண்ணாச்சியின் வீட்டம்மாதான். யாரோ திருநெல்வேலியிலிருந்து லைவில் சேலை காட்டிக்கொண்டிருந்தார்களாம். அந்த மாம்பழக் கலர் கைவிட்டுப் போனால் பூலோகத்தைச் சும்மா விடமாட்டாளாம். இருபத்தெட்டாவது நிமிஷம் பூலோகம் திறந்துவிட்டான். லைன் ரிப்பேர் என்று பொய் சொன்னான். மாம்பழக் கலர் எப்படியோ கிடைத்துவிட்டதாகப் பிறகு கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடிப்படி ஏறும்போது பூலோகத்தின் கையில் ஒரு யோசனையும் இல்லை. பெட்டியை எந்தப் பக்கத்திலிருந்து கழற்றினால் சேதம் குறைவு என்று மட்டும் யோசித்து வைத்திருந்தான். அண்ணாச்சி போனை நீட்டி, காட்டு என்றார். பேஜ் திறந்தே இருந்தது. 'இன்னைக்கு 11.' ஓரத்தில் மூன்று புள்ளி. பூலோகத்தின் கட்டைவிரல் அவனைக் கேட்காமலே மூன்று புள்ளியைத் தொட்டது. பட்டியல் ஒன்று இறங்கியது. அதில் ஒரு வரி 'பிளாக்' என்றது. தொட்டான்.

பேஜ் போய்விட்டது.

அண்ணாச்சி போனைப் பிடுங்கிப் பார்த்தார். தேடினார். பெயரைச் சொல்லித் தேடினார். ஒன்றும் இல்லை. 'பிளாக்டு' என்று ஆங்கிலத்தில் வந்ததை அவரே எழுத்துக்கூட்டிப் படித்தார். மகிழ்ச்சியில் பூலோகத்தின் முதுகில் ஓர் அறை வைத்தார். உள்ளே பார்த்து டீ என்று சத்தம் கொடுத்தார். டீயோடு முறுக்கும் வந்தது. தன் வீட்டுக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஊரையே பூட்டிவிட்டதாகக் குதிக்கிறார் என்று அவருக்குச் சொல்ல அந்த முறுக்கு பூலோகத்தை விடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அவர் டீக்கடையில் நின்று அறிவித்தார்: "பேஜு குளோஸ். நான் பந்த் பண்ணிட்டேன்." கேட்டவர்கள் கையில் இருந்த போனைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, சரிதான் அண்ணாச்சி என்றார்கள். ஏனென்றால் அதற்குள் பூலோகம் நடந்ததைப் பேராச்சியிடம் சொல்லியிருந்தான். பேராச்சியிடம் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்று. மைக் நடுநடுவே கரகரக்கும் என்பதுதான் வித்தியாசம். பொங்கல் விழாக் கமிட்டியில்கூட ஒற்றுமைப்படாத கல்லி, அண்ணாச்சியிடம் மூச்சுவிடுவதில்லை என்று ஒற்றுமைப்பட்டது. அவர் வீட்டம்மா உட்பட.

பேஜ் வழக்கம்போல நடந்தது. உண்மையில் வழக்கத்தைவிட நன்றாக நடந்தது. அண்ணாச்சி பார்க்கமாட்டார் என்று தெரிந்ததும் இதுவரை வாய் திறக்காதவர்களெல்லாம் கீழே எழுத ஆரம்பித்தார்கள். எந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, எந்தக் குழாய் ஒழுகுகிறது, யார் வீட்டுப் பிள்ளை சுவரில் பெயர் எழுதியது என்று எல்லாம் வந்தது.

ஆனால் பூலோகத்துக்கு வேறு ஒரு வினை வந்து சேர்ந்தது. நிஜமோ பொய்யோ, பந்த் பண்ணத் தெரிந்தவன் என்று பேர் ஆகிவிட்டது. மன்சூர் அலி வந்தார். புனேக்காரன் ஒருவன் அவர் பைக்கு ஒற்றை ஸ்டார் போட்டிருக்கிறான், அவனை ஏதாவது செய்ய வேண்டும். பொங்கல் கமிட்டி செக்ரட்டரி செல்வம் வந்தார். போன வருஷம் மேடையில் அவர் வேட்டி தடுக்கி விழுந்த வீடியோவை எவனோ மாசத்துக்கு ஒரு முறை புதுசாகப் போடுகிறான். வருகிற ஒவ்வொருவரும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தார்கள். யார் வாயையும் மூட வேண்டுமென்று எனக்கு ஆசையில்லை, ஜனநாயக நாடு, அவனவன் பேசட்டும், ஆனால் இது ஒன்றை மட்டும். பேராச்சிக்கே ஒரு 'இது ஒன்று' இருந்தது: நெருளில் இருக்கும் சின்னம்மா மகள் புது ஃப்ரிட்ஜைத் திறந்து மூடித் திறந்து மூடி ஸ்டேட்டஸ் வைக்கிறாளாம்.

பூலோகம் எல்லாருக்கும் ஒரே மருந்துதான் கொடுத்தான். போனை வாங்கினான், மூன்று புள்ளி, பிளாக், திருப்பிக் கொடுத்தான். வேண்டாதது ஊர் கண்ணில் படுகிறதே என்று வந்தவர்கள், தங்கள் கண்ணில் படவில்லை என்றதும் திருப்தியாகப் போனார்கள். போகிற போக்கில் அவனை 'பூலோகண்ணே' என்று கூப்பிட்டார்கள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்து, சரி, பார்ப்போம் என்று சொல்வதில் ஒரு சுகம் இருப்பதை அவன் கண்டுகொண்டான். பேச்சும் கொஞ்சம் மெதுவாக ஆகிவிட்டது.

பட்டறையிலிருந்து திரும்பிய இசக்கிசெல்வி ஒருநாள் நாற்காலி முன்னால் கைகட்டி நின்றாள்.

"ஆபீசரய்யா, எனக்கும் ஒரு மனு இருக்கு."

"யாரட்டி பந்த் பண்ணணும்?"

"ஒங்களத்தான்."

மறுநாள் நாற்காலி உள்ளே போய்விட்டது.

நடுவில் அண்ணாச்சி கல்யாணுக்கு, சம்பந்தி வீட்டுக்கு, ஒரு விசேஷத்துக்குப் போனார். அங்கிருந்து மத்தியானம் போன் வந்தது. சம்பந்தியின் போனில் பேஜ் ஓடுகிறதாம். இத்தோடு முடிந்தது என்று பூலோகம் நினைத்தான்.

"ஏல, கல்யாண்ல இன்னும் பந்த் ஆவலியே?"

"அது வேற ஆளு வயருல்லா அண்ணாச்சி."

"அதான பாத்தேன்" என்றார் அண்ணாச்சி. கல்யாண்காரர்கள் எக்கேடும் கெடட்டும், நம்ம ஏரியா சுத்தமாக இருந்தால் போதும் என்று சொல்லி வைத்துவிட்டார். பூலோகம் குழாயில் முகம் கழுவிக்கொண்டான்.

நான்காவது வாரம் புதன்கிழமை காலை, அன்றைய நம்பருக்குக் கீழே ஒரு புதுப் பெயர் எழுதியிருந்தது. வார்டு ஆபீஸ் இன்ஜினியர் மேடமாம். காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற சமயம், நாளை வியாழன் காலை எட்டு மணிக்கு நேரில் வருகிறேன், கல்லிக்காரர்கள் இருக்கவும் என்று இந்தியில் நாலு வரி. சாயங்காலத்துக்குள் அதற்கு இருநூற்று நாற்பது பேர் தலையாட்டிவிட்டார்கள். கல்லியில் தெரியாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான்.

அண்ணாச்சியிடம் சொல்வதா, விடுவதா என்று பூலோகம் யோசித்தான். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார், பேஜில் போட்டிருக்கிறது என்றால் பேஜ் உயிரோடு இருப்பது வெளியாகும், பெட்டி போச்சு. சொல்லாவிட்டால், நாளைக்கு மேடமே சொல்வாள். அப்போதும் பெட்டி போச்சு. எந்தப் பக்கம் புரட்டினாலும் பெட்டிதான் அடியில் கிடந்தது. அண்ணாச்சி வீட்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, மூன்றாவது தடவை மேலே ஏறினான்.

நாளைக்கு எங்கேயாவது வெளியே போகிறீர்களா என்று கேட்டான். இல்லை. செம்பூர் முருகன் கோயில் பக்கம் போய்வரலாமே. எதற்கு? கடைசியில் கொஞ்சம் கிட்டேயே வந்து பார்த்தான்.

"அந்தப் பூட்டுன கதவெல்லாம் ஒருக்காத் தெறந்து காத்தாட விட்டா என்ன அண்ணாச்சி?"

அண்ணாச்சி வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "எவம்லே பாக்கப் போறான்? பேஜுதான் செத்துப்போச்சே."

வியாழக்கிழமை எட்டு மணிக்கு மேடம் வந்தபோது கல்லியே தலைசீவி நின்றது. இசக்கிசெல்வி அரைநாள் லீவு போட்டிருந்தாள். அண்ணாச்சி வீட்டம்மா மாம்பழக் கலர் சேலையில், கூட்டத்தோடு கூட்டமாக இரண்டாவது வரிசையில் நின்றாள். சத்தம் கேட்டு அண்ணாச்சி இறங்கி வந்தார். பனியன், லுங்கி, வாயில் பிரஷ்.

மேடம் அவரைக் கூப்பிட்டு, மராட்டி கலந்த இந்தியில், எத்தனை கதவு ஓடுகிறது என்று கேட்டாள். அண்ணாச்சி பிரஷை எடுத்துவிட்டு இருபத்து நாலு என்றார். மேடம் போனைத் திருப்பிக் காட்டினாள். 'இன்னைக்கு 10.' எடுத்த நேரம் ஐந்து நாற்பத்தாறு. அண்ணாச்சி போனைப் பார்த்தார். அந்தப் பேஜ் மூடிவிட்டது மேடம், மூன்று வாரமாக இல்லை என்றார். மேடத்துக்குப் புரியவில்லை. நேற்று இதில்தான் எழுதினேன், வருகிறேன் என்று, இத்தனை பேர் பார்த்திருக்கிறார்களே, காண்ட்ராக்டர் நீங்கள் பார்க்கவில்லையா என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள்.

அண்ணாச்சி திரும்பிக் கல்லியைப் பார்த்தார். கல்லி வேறு எங்கெங்கோ பார்த்தது. கடைசியில் அவர் கண் பூலோகத்தின் மேல் வந்து நின்றது.

பூட்டுகளைத் திறக்கச் சொன்னாள் மேடம். நாலு கதவு உள்ளே ஒரு பழுதும் இல்லாமல், வெறுமனே பூட்டிக் கிடந்தது. மூன்றில் சிமென்ட் மூட்டை. ஒன்றில் அண்ணாச்சியின் பழைய சைக்கிள் தனியாகக் குடியிருந்தது. மேடம் கோபப்படவில்லை, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பதினைந்து நாளில் இருபத்து நாலும் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காண்ட்ராக்ட் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பூலோகம் மாடிக்கு ஏறியபோது அண்ணாச்சி பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் கட்டிங் பிளேயர். நூற்று நாற்பது வயரும் அந்த ஒற்றைத் தடித்த வயரில்தான் தொங்கின. ஒரு அழுத்து போதும்.

"எனக்கு மட்டுந்தானாலே பந்த்?"

"ஆமா அண்ணாச்சி."

"மூணு வாரமா?"

"இருபத்தஞ்சு நாளு."

"எல்லாத்துக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எம் பொண்டாட்டிக்கி?"

பூலோகம் தண்ணீர் டாங்கியைப் பார்த்தான்.

"லைக் போடுதாளோ?"

"லைக் இல்ல அண்ணாச்சி. ஹார்ட்டு."

அண்ணாச்சி டாங்கியின் திண்டில் உட்கார்ந்துவிட்டார். பிளேயர் கையிலேயே இருந்தது. ஏசுவார், கை ஓங்குவார் என்று எதிர்பார்த்து நின்ற பூலோகத்துக்கு, அவர் முகத்தைப் பார்த்ததும் சங்கடமாகிவிட்டது. கல்யாண வீட்டில் பந்தியில் கூப்பிட மறந்துபோன ஆளின் முகம் அது. மானம் போனதைக்கூட அவர் அப்போது நினைக்கவில்லை. இருபத்தைந்து நாள் ஊர் முழுக்கத் தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறது, தனக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை; அதுதான் அவரைத் தின்றது.

"என்னல்லாம் சொன்னாவ?" என்றார். "தெறந்து வாசி."

பூலோகம் அவருடைய போனை வாங்கி, பேஜுக்குப் போட்ட பூட்டைக் கழற்றினான். அண்ணாச்சிக்குத் தமிழ் எழுத்து அவ்வளவு ஓடாது. ஆகவே வாசிக்கிற பாவம் பூலோகத்தின் தலையில் விழுந்தது. தாழ்ப்பாள், குழாய், நாற்றம் எல்லாம் வந்தது. 'போர்டுக்குப் பெயின்ட் அடிக்கிற கையால ஒரு கதவுக்குப் பூட்டைத் திறக்கக் கூடாதா' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அண்ணாச்சி பல்லைக் கடித்தார். 'அண்ணாச்சி சண்டாஸுக்கே வராதவர், அவருக்கு எண்ணத் தெரியாது' என்று இன்னொருத்தன். அதற்கு அவருக்கே சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார்.

பிறகு ஒன்று வந்தது. பதினோராம் தேதி மோட்டார் நின்றுபோய், அண்ணாச்சி தானே ஆள் பிடித்து, கூட நின்று, மத்தியானத்துக்குள் தண்ணீர் வரவைத்தாரே, அன்றைக்கு. 'மோட்டார் சரியாயிட்டு. சுயம்பு அண்ணாச்சிக்கு நன்றி' என்று இசக்கிசெல்வி போட்டிருந்தாள். கீழே எழுபது பேர் கும்பிட்டிருந்தார்கள்.

"இத ஏம்லே எவனும் எங்கிட்டச் சொல்லல? அன்னைக்கு ஒரு பய நன்றி சொல்லலன்னு வீட்டுல ரெண்டு நாளு புலம்புனேன்."

"சொல்லத்தான் செஞ்சாவ. நீங்கதான் மூடிட்டிய."

பூலோகம் மேலே வாசித்தான். பதினாலாம் தேதி, 'இன்னைக்கு 12'. அண்ணாச்சி நிமிர்ந்தார்.

"பொய்யி. அன்னைக்குப் பதிமூணு தெறந்திருந்திச்சி. நானே தெறந்தேன், எனக்கு ஓர்ம இருக்கு."

"அப்பம் அதக் கீழ எழுதுங்க."

"நான் எழுதுனா பேஜ நடத்துதவன் அழிச்சிருவாம்லா?"

பூலோகம் மாடிக் கைப்பிடியிலிருந்து எட்டிப் பார்த்தான். கல்லியில் கூட்டம் இன்னும் கலையவில்லை; எல்லார் முகமும் மேல்நோக்கித்தான் இருந்தது. வயர்களுக்கு நடுவே இசக்கிசெல்வியைக் கண்டுபிடித்துக் கேட்டான். அவள் கையை வாயில் குவித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"எழுதச் சொல்லுங்க அத்தான். அவுக எழுதுததுல ஒரு எழுத்து அழிக்க மாட்டேன்."

அது மூன்றாம் மாடி வரை தெளிவாகவே கேட்டது. பேஜை நடத்துகிறவள் யார் என்பதும் அதோடு வெளியாகிவிட்டது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பூலோகம் அவர் கையில் இருந்த பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, இந்த வயரு..."

"அது கெடக்கட்டும்லே. மொதல்ல நான் சொல்லுதத எழுது. விட்டா அவ சொன்னதுதான் நெசம்னு ஆயிரும்."

அன்றைக்கு அவர் சொல்லச் சொல்லப் பூலோகம் எழுதினான். ஒன்பது பதில். அதில் இரண்டு நியாயமானவை. பதினாலாம் தேதிக் கணக்கில் இசக்கிசெல்வி தவறு என்று ஒப்புக்கொண்டு, '13' என்று திருத்தினாள். அண்ணாச்சி அதை வீட்டம்மாவிடம் நாலு தடவை காட்டினார். மற்ற ஏழுக்கும் அவள் கொடுத்த பதிலை யாரிடமும் காட்டவில்லை. பிளேயர் எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை. பூலோகமும் கேட்கவில்லை, கேட்டால் ஞாபகம் வந்துவிடுமே.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் பேஜில் படம் வந்தது. 'இன்னைக்கு 17.' இரண்டாவது நிமிஷம் அடியில் அண்ணாச்சியின் பெயர். பதினெட்டு, சரியாக எண்ணு என்று போனிடம் குரலில் சொல்லியே எழுத வைத்திருந்தார். கடைசிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதை எப்படிக் கதவென்று எண்ணுவது என்று இசக்கிசெல்வி கேட்டாள். தாழ்ப்பாள் இல்லாவிட்டாலும் கதவு கதவுதான் என்றார் அண்ணாச்சி. அப்படியானால் முதலில் உங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றுங்கள் என்று யாரோ ஒரு ரோஜாப்பூப் படக்காரி எழுதினாள். அது யார் என்று அண்ணாச்சிக்குத் தெரியாவிட்டாலும், அடுத்த அறையில் யாரோ சிரிப்பை அடக்குவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மன்சூர் அலி ஒரு பக்கம் சேர்ந்தார், செல்வம் இன்னொரு பக்கம் சேர்ந்தார். ஆறு மணிக்குள் கல்லி முழுக்கப் போனும் கையுமாகத் தாழ்ப்பாள் என்றால் என்ன என்று விவாதித்துக்கொண்டிருந்தது. லைனில் நின்றவர்கள் தங்கள் முறை வந்ததைக் கூடக் கவனிக்கவில்லை.

பூலோகம் பாயில் படுத்தபடி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணாச்சி.

"ஏல பூலோகம், ஒன் நெட்டு என்னலே இப்பிடி நத்தயாட்டம் போவுது? நான் அனுப்புதது சுத்திக்கிட்டே கெடக்கு. அவ அதுக்குள்ள ரெண்டு போட்டுட்டா. சட்னு மேல வந்து பெட்டியப் பாரு."

பூலோகம் சட்டையைக்கூடப் போடாமல் மாடிக்கு ஓடினான்.